முழங்கால் இல்லாத குழாய்

கோலாலம்பூரில் வந்திறங்கிய அன்றே அண்ணனின் இடக்கால் என் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டது. நான் அங்கே போனது அதற்காக அன்று. வெள்ளிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த கருத்தரங்கில் சிறிது நேரம் பேசவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான கிள்ளானில் அண்ணன் மகளை வாழ்த்தித் திருமண விருந்து உண்ணவேண்டும். இவ்விரண்டில் முன்னதற்கு மட்டுமே அஞ்சவேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

அண்ணன் என்பவர் என் பெரியப்பாவின் மகன் முத்துராமன். பெரியப்பா போருக்கு முன்பே கப்பலேறிப் போனவர். அண்ணன் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்து, அங்கே லாரிகளுக்கான உதிரிப் பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். நான் எப்போது வருவதாக இருந்தாலும் மாலையும் கையுமாக வந்து நிற்கக்கூடிய மனிதர். சுபாங் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைக் கடந்து வெளியே வந்தபோது தேவகி அண்ணி மட்டும் தனியே நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் மாலையும் இல்லை.

வாடகைக் காரில் ஏறிக் கதவை அடைத்த பிறகுதான் அண்ணி வாய் திறந்தார்.

"போன்ல சொல்லல தம்பி. சொல்ற விஷயமா அது? ஒங்க அண்ணனுக்குக் கால்ல ஆப்பரேஷன் ஆயிருச்சு."

நெடுநாளைய சர்க்கரை நோய். காலுக்குக் குருதி கொண்டுபோகும் தமனி தொடையிலேயே அடைத்துப்போய், கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமல் கறுக்கத் தொடங்கியிருந்தது. கோலாலம்பூர் மருத்துவர் ஒருவர் அதே காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, அடைப்பைத் தாண்டிச் செல்லும் மாற்றுவழியாக வைத்துத் தைத்திருந்தார். விரலும் பிழைத்தது, காலும் பிழைத்தது. இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாது," என்று அண்ணி குரலைத் தாழ்த்தினார். "லோரியில சாமான் எறக்கும்போது விழுந்துட்டாருன்னு சொல்லி வச்சிருக்கோம். சக்கரக் குடும்பம்னு தெரிஞ்சா நாளைக்கு எம் பொண்ணுதான பேச்சு வாங்கணும்?"

ஓட்டுநர் தமிழர். முன்கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி, "ஆன்டி, இங்க யாரு வீட்டுல லா சக்கர இல்ல?" என்றார், அந்நாட்டுத் தமிழுக்கே உரிய "லா"வோடு.

அண்ணி அவரைப் பொருட்படுத்தவில்லை. "கால மடக்கி ரொம்ப நேரம் உக்காராதீங்கன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கிழம தாரை வாக்கணும். மனையில சம்மணம் போட்டு எவ்ளோ நேரம் ஆகும்னு ஒங்களுக்கே தெரியும். டாக்டரக் கேக்கலாம்னா லீவுல ஆஸ்திரேலியா போயிட்டாரு, திங்கக்கிழமதான் வர்றாரு. இன்னொருத்தரக் கேட்டா, நான் தச்சதில்ல, நான் சொல்லமாட்டேன்றாரு. ஒங்க அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா? தம்பி வர்றான், அவன் கம்ப்யூட்டர்ல இதத்தான படிக்கிறான், அவன் போட்டுப் பாத்துச் சொல்லட்டும்றாரு."

என் தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. நான் மருத்துவன் அல்லன். குழாய்களில் நீர் ஓடும் விதத்தைக் கணக்கிடக் கற்ற பொறியாளன். சிரை என்பது இதயத்துக்குத் திரும்பும் குருதியை அமைதியாகச் சுமந்து பழகிய மெல்லிய குழாய். அதைத் தமனியின் இடத்தில் தைத்துவிட்டால் ஒவ்வொரு துடிப்பும் அதை அறைகிறது. அது தன்னைத் தானே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. சுவர் தடிக்கிறது, ஓட்டம் விரைவாக உள்ள இடத்தில் விரிகிறது, ஓட்டம் தயங்கும் இடத்தில் உட்புறம் சதை வைத்துக் குறுகுகிறது. அளவாகத் தடித்தால் உறுதி, அளவு மீறினால் அடைப்பு. இந்த மாற்றத்தை நாள்தோறும் கணித்துச் சென்று, ஓராண்டுக்குப் பின் அந்தக் குழாய் எப்படி இருக்கும் என்று கணிப்பொறித் திரையில் வரைந்து காட்டும் நிரல் ஒன்றைச் சென்னையில் நானும் என் மாணவர்களும் எழுதியிருந்தோம். படங்கள் அழகாக இருக்கும். அவற்றில் ஒன்றை அண்ணன் ஊருக்கு வந்தபோது பெருமையோடு காட்டியிருந்தேன். அதன் பலன் இது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரின் தமிழர் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் தெரியாமல் பசியாறுவதுதான் கடினம். இரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய ஒரு சிறு விடுதியில் என்னை இறக்கிவிட்டு அண்ணி கிள்ளானுக்குப் போனார். அன்று மாலை வாழையிலைச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் அமர்ந்தேன். நம் ஊரில் இலைக்கு முன் அமர்ந்தவனிடம் எந்த ஊர் என்று கேட்பார்கள்; இங்கே என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். எதிரே மீன்தலைக் கறியோடு போராடிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். நான் சொன்னேன்.

"அட, நரம்பு வச்சுத் தைக்கிறதா? இங்க பாருங்க," என்று இடக்கையால் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒரு நீண்ட வடு. "இதுலேருந்து உருவித்தான் என் ஹார்ட்டுல வச்சிருக்கான். அஞ்சு வருஷம் ஓடுது. என்கூட அதே வாரம் பண்ணிக்கிட்டவன் ஒருத்தன், காஜாங்கு ஆளு. நல்லாத்தான் இருந்தான். ஒரு நாளு காலைல டீ குடிச்சிட்டு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். அடச்சுக்கிச்சாம். மோர் வாங்கிக்குங்க, நல்லா இருக்கும்."

மோர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாய்க்குமேல் என்னால் குடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. நம் ஊரில் கணிப்பொறியை மட்டும் குளிரூட்டி வைப்போம், மனிதர் வேர்த்துக்கொள்ளலாம். இங்கே கருத்தரங்கக் கூடமே பனிப்பெட்டிபோல இருந்தது. கோட்டு அணிந்த மலாய்ப் பேராசிரியர்களுக்கும் தலைக்கு முக்காடிட்ட மாணவியருக்கும் முன்னால், நடுக்கம் குளிரால்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்ற ஆறுதலோடு பேசினேன். படங்களைக் காட்டினேன். தலைகள் அசைந்தன. பேச்சை முடித்ததும் ஈப்போவிலிருந்து வந்திருந்த சீன அறுவை மருத்துவர் ஒருவர், நடுவயதுப் பெண்மணி, எழுந்தார்.

"உங்கள் குழாய் மிக நேராக இருக்கிறதே. முழங்கால் எங்கே?" என்று கேட்டார்.

கூடம் சிரித்தது. என் நிரலில் குழாய் மூங்கிலைப்போல் நேரானது, எப்பக்கமும் வட்டமானது, வளைவை அது அறியாது என்று விளக்கினேன்.

"அப்படியானால் அது யாருடைய கால்? என் நோயாளிகள் குந்தி அமர்கிறார்கள். தொழும்போது மண்டியிடுகிறார்கள். உங்களவர்கள் தரையில் கால் மடக்கி உண்கிறார்கள். படுக்கையில் நீட்டிப் படுத்தவனுக்கு மட்டுமே உங்கள் கணக்கு பொருந்தும்."

உண்மைதான். என் நிரலுக்குரிய எண்களெல்லாம் நாற்காலி நாடுகளிலிருந்து வந்தவை. பிறந்தது முதல் தரையில் சம்மணமிட்டுச் சோறு உண்ட நான், அவர்கள் அளந்து தந்த காலையே கால் என்று கொண்டிருந்தேன். வேறு சமயமாக இருந்தால் அந்தக் கேள்வி என்னை மகிழ்வித்திருக்கும். ஒரு கட்டுரைக்குரிய கேள்வி. அன்று என் காதில் ஞாயிற்றுக்கிழமை மேளம் கேட்டது.

தேநீர் இடைவேளையில் அந்த மருத்துவரைப் பின்தொடர்ந்து சென்று, எனக்குத் தெரிந்த ஒருவர் என்று தொடங்கினேன். அவர் பாதியிலேயே, "உங்கள் அப்பாவா?" என்றார். அண்ணன் என்றேன்.

"நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். அதில் என்ன கடினம்?"

கடினத்தை விளக்கினேன். பெண்ணைப் பெற்றவர் மணவறையில் சம்மணமிட்டு, மகளின் கையைத் தாரைநீரோடு பிடித்துக் கொடுக்க வேண்டும், அவர் நாற்காலி கேட்டால் காரணம் சொல்லவேண்டும், காரணம் மறைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் மெல்லச் சிரித்தார், பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சில நொடிகள் மடக்கினால் ஒன்றும் ஆகாது. நீண்ட நேரம் மடக்கினால் குருதி உள்ளே தேங்கும், தேங்கினால் உறையலாம். உறையும் என்று சொல்லவில்லை. என்னிடம் சான்று இல்லை. உங்களிடமும் இல்லை," என்றார். பிறகு என் காலணியைக் கழற்றச் சொன்னார். அத்தனை பேர் நடுவில், பெருவிரலை இழுக்கும் தசைநாணுக்குப் பக்கத்தில் புறங்காலின் மீது எந்த இடத்தில் நாடி துடிக்கும் என்று தன் விரலை வைத்துக் காட்டினார். குருதிக்குழாய்களைக் கணித்தே காலம் கழித்த நான் அதுவரை ஒரு காலின் நாடியையும் தொட்டுப் பார்த்ததில்லை.

பிற்பகலில் கருத்தரங்கின் பொறுப்பாளரான மலாய் விரிவுரையாளரிடம் கெஞ்சி அவர்களுடைய கணிப்பொறிக் கூடத்தில் ஓர் இடம் பெற்றேன். என் குழாயை வளைக்க இயலாது. ஆகவே முழங்கால் வரும் இடத்தில் ஒரு கயிற்றால் இறுக்கியதுபோலச் சற்றுக் குறுக்கினேன். சிறிது குறுக்கியபோது ஓராண்டுக்குப் பின்னும் குழாய் திறந்தே இருந்தது. இன்னும் சிறிது குறுக்கினேன், அடைத்துக்கொண்டது. அவ்விரண்டுக்கும் இடையே அண்ணனின் முழங்கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அஞ்சி ஓர் எண்ணைக் கொடுத்தால் அச்சத்தைப் படமாக வரைந்து தந்தது. துணிந்து ஓர் எண்ணைக் கொடுத்தால் துணிவை வரைந்து தந்தது. விரிவுரையாளர் எட்டிப் பார்த்து, "அருமையான படம், எது சரியானது?" என்று கேட்டார். நான் இயந்திரத்தை அணைத்தேன்.

திரும்பும்போது கனமழை. கோலாலம்பூரின் சிறுபேருந்துகள் நம் சென்னைப் பல்லவன் பேருந்துகளுக்குத் தம்பிகள். உயரத்தில்தான் சிறியவை, ஆர்வத்தில் அல்ல. நிமிர்ந்து நின்றால் தலை கூரையில் இடித்தது. நடத்துநர் மலாயில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்: "உள்ளே போ, உள்ளே போ, உள்ளே இன்னும் வீடு கட்டலாம்!" பிரிக்ஃபீல்ட்ஸ் வந்ததை நான் காணவில்லை. என் கண் முன்னால் இருக்கையில் காலைக் குறுக்கே மடித்து உறங்கிய ஒருவரின் முழங்காலிலேயே இருந்தது. பல நிறுத்தங்கள் தாண்டிச் சௌக்கிட்டில் கூட்டம் மொத்தமும் இறங்கியபோது என்னையும் இறக்கிவிட்டது. முழுக்க நனைந்து, எதிர்ப்பக்கம் ஓடி, மீண்டும் வேறொரு சிறுபேருந்தில் குனிந்து நின்றேன்.

சனிக்கிழமை கிள்ளான். கிள்ளான் பேருந்து நிலையம் எங்கே என்று கேட்டால் கோலாலம்பூரின் நடுவிலேயே ஒன்றைக் காட்டுகிறார்கள். கிள்ளானுக்குப் போகும் பேருந்துகள் நிற்கும் இடம் அது. நம் ஊரில் இவ்வாறு பெயரிட்டால் பாதிப் பேர் அங்கேயே இறங்கி ஊர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். குழந்தையும் கோழியும் தூரியான் மணமும் நிறைந்த அந்தப் பேருந்தில், அண்ணனிடம் சொல்லவேண்டிய சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி அடுக்கிக் கலைத்துக்கொண்டே போனேன்.

வீடு முழுக்க ஆட்கள். முன்கூடத்தில் பெண்கள் வட்டமிட்டு அமர்ந்து தேங்காய்ப் பைகளில் வெற்றிலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நின்றபடியே எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா தம்பி! என்ன, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டார். பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"தெரியலண்ணே."

"கம்ப்யூட்டருக்கா ஒனக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப பயப்பட ஒன்னும் இல்ல. ஏதாச்சும் இருந்தா அது சொல்லியிருக்கும்ல?"

எத்தனை ஆண்டுகள் படித்தாலும் இத்தகைய தருக்கத்துக்கு மறுமொழி கற்பிக்கும் பள்ளி இல்லை. அவரைப் பாயில் அமர்த்தினேன். இடப்பாதம் மேலே வரும்படி சம்மணமிடச் சொல்லி, மருத்துவர் காட்டிய இடத்தில் விரல் வைத்தேன். நீட்டியிருந்தபோது தெளிவாகத் துடித்த நாடி, மடக்கியதும் மெலிந்தது. சிறிது நேரத்தில் என் விரலுக்கு எட்டாமல் போயிற்று. காலை நீட்டச் செய்தேன். தயங்கித் திரும்பி வந்தது. சிரையின் வழி முழங்காலின் பின்புறம் மடங்கி நெரிகிறது என்பது எந்தப் படமும் இல்லாமலே விளங்கியது.

அந்நேரம் மணப்பெண் கவிதா அறைக்குள் வந்தாள். மருந்தகத்தில் வேலை செய்பவள். தந்தையின் மாத்திரைகளெல்லாம் அவள் கணக்கில்தான் நடக்கின்றன. நிலைமையைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டாள்.

"சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. நான் ரெஜிஸ்டர் பண்ணி மூணு மாசம் ஆச்சு. சட்டப்படி நான் கல்யாணம் ஆனவ. இப்ப அப்பா உக்காந்தா என்ன, நின்னா என்ன?"

"ரெஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துதான் போடுவான்," என்றார் அண்ணன். "கவர்மெண்டு வந்து தாரை வாக்குமா?"

"சித்தப்பா வாக்கட்டுமே."

அண்ணன் முகம் மாறியது. "நான் உசுரோட இருக்கேன்," என்றார். அவள் வெளியே போய்விட்டாள். அடுக்களையில் அவள் குரலும் அண்ணியின் குரலும் உயர்ந்து தாழ்ந்தன.

வெகுநேரம் வாதாடி ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். குருக்கள் மற்றச் சடங்குகளை முடிக்கும்வரை அண்ணன் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். தாரை வார்க்கும் நேரம் மட்டும் அமர்வார். நான் அவருக்குப் பின்னே உதவியாளன்போல அமர்ந்து, வேட்டி மடிப்புக்குள் பாதத்தின்மீது விரல் வைத்திருப்பேன். நாடி போய்ச் சற்று நேரம் ஆகியும் திரும்பாவிட்டால் அவர் முதுகில் தட்டுவேன். தட்டினால் அவர் எழுந்துவிட வேண்டும்.

"சத்தியமா எந்திரிச்சிருவேன்," என்றார். அந்தச் சத்தியத்தை நான் நம்பவில்லை என்பது அன்றிரவு உறக்கம் வராததிலிருந்து எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலை ஒட்டிய மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை பலகைகளால் ஆனது. தவிலும் நாதசுரமும் அதன்மேலேயே ஓரத்தில் அமர்ந்து முழங்கின. மணமகனின் தந்தை கந்தசாமி, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் ஓய்வுபெற்ற இரயில்வே கார்டு. பச்சைக்கொடி பிடித்துப் பழகிய கையால் எல்லாருக்கும் வழி காட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பட்டுப்புடைவையில் அதிகம் பேசாமல் அமர்ந்து, எங்கள் பக்கத்து ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

அழைப்பு வந்தது. அண்ணன் மனையில் அமர்ந்தார். அண்ணி அருகில் செம்பு நீரோடு அமர்ந்தார். எதிரே சம்பந்திகள், நடுவே மணமக்கள். என் விரல் உரிய இடத்தில் இருந்தது. குருக்கள் இரு வீட்டு முன்னோர் பெயர்களையும் சொல்லத் தொடங்கினார். நாடி மெலிந்தது. பெயர்கள் முடிந்து, நாளும் இடமும் சொல்லி, கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார். இனி நீர் வார்ப்பதுதான் பாக்கி.

"குருக்களே, கொஞ்சம் இருங்க!" என்றது ஒரு குரல். வீடியோ எடுப்பவர். "டேப்பு முடிஞ்சிருச்சு. மாத்திக்கிறேன். முக்கியமான கட்டம், விட்டா அப்புறம் என்னத்தான் ஏசுவாங்க."

அடுக்கிய கைகள் அப்படியே நிற்க, எல்லாரும் வீடியோக்காரரைப் பார்த்துப் புன்னகையோடு காத்திருந்தார்கள். அவர் பையைத் துழாவினார். புதிய ஒளிநாடா காரில் இருக்கிறது என்றார். யாரோ ஓடினார்கள். என் விரலுக்கடியில் ஒன்றுமில்லை. விரலை நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பாதம் குளிர்ந்திருந்தது, அல்லது என் கை குளிர்ந்திருந்தது.

முதுகில் தட்டினேன். அண்ணன் அசையவில்லை. மீண்டும் தட்டினேன்.

"டேப்பு வந்துரும். சும்மா இரு," என்றார் உதடு அசையாமல்.

"சத்தியம் பண்ணீங்கண்ணே."

"பண்ணேன். இருக்கட்டும்."

அவரை நான் தூக்கி நிறுத்த முடியாது. வாளாவிருக்கவும் முடியவில்லை. தேங்கிய குருதி என்ன செய்யும் என்பதை என்னைப்போல் பல வண்ணங்களில் பார்த்தவர் அந்த மண்டபத்தில் வேறு யாருமில்லை. எழுந்தேன். மணமக்களைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் கந்தசாமியின் காதருகே குனிந்தேன். பின்னால் அண்ணி, "தம்பி!" என்று கூப்பிட்டது கேட்டது.

"ஐயா, அண்ணனுக்குக் காலில் இரத்தக்குழாய் மாற்றி வைத்திருக்கிறார்கள். இப்படி மடக்கி இருக்கக்கூடாது. உங்களிடம் மறைத்துவிட்டோம்."

"லோரியிலேருந்து விழுந்தாருன்னுல்ல சொன்னாங்க?"

"விழவில்லை. சர்க்கரை நோய்."

கந்தசாமி என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஓமத் தீயைப் பார்த்தார். கந்தசாமியின் மனைவிக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவர் மணமகளைப் பார்த்தார். கவிதா தலை குனியவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைப் பலகை மேடையில் போட்டு உடைத்தவனாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

"குருக்களே, நிறுத்துங்க," என்றார் கந்தசாமி. இரயிலை நிறுத்துகிற குரல். மண்டபம் அடங்கிவிட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

"யாருப்பா அங்க? அந்தச் சேர எடுத்து மேல போடு."

சிவப்பு நெகிழி நாற்காலி ஒன்று தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை.

"சம்பந்தி, நீங்க கீழ இருக்க நான் மேல உக்காருறதா? அது மட்டும் முடியாது."

"யாரு லா கீழ? எனக்கும் ஒன்னு போடச் சொல்றேன். முட்டி தேஞ்சுபோய் நாலு வருஷம் ஆச்சு எனக்கு. நீங்க கம்பீரமா உக்காந்திருக்கீங்களேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

குருக்கள் தயங்கினார். "பெத்தவங்க நாற்காலியில, மணமக்கள் மனையிலயா? கையெல்லாம் எட்டாதே."

"எங்களுக்கும் போடுங்க," என்று கவிதா எழுந்து நின்றாள். மாப்பிள்ளையும் எழுந்தார். நானும் இன்னொருவரும் அண்ணனின் இரு கைகளையும் பற்றித் தூக்கி நிறுத்தினோம். கடைசியாகக் கந்தசாமியின் மனைவி எழுந்து, தமக்கு வந்த நாற்காலியைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு அமர்ந்தார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்," என்றார் அண்ணியிடம். சிரிக்கவில்லை. அண்ணி செம்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். அவ்விருவரிடையே அது தீர நெடுங்காலம் ஆகும் என்று தோன்றியது.

இவ்வாறு, ஏதோ கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம்போல எல்லாரும் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, நடுவே ஒரு நாற்காலியின்மேல் பித்தளைத் தட்டு வைக்கப்பட்டது. ஒளிநாடாவும் வந்து சேர்ந்தது. அண்ணி நீர் வார்த்தார். அது அண்ணனின் கைவழியே மகளின் கைக்கும் மருமகனின் கைக்கும் இறங்கித் தட்டில் விழுந்தது. முன்வரிசையில் சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். நீர் விழுந்தபோது அண்ணனின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியது.

எனக்கு எதுவும் தெரியவில்லை. நாடி திரும்பியதா? நாற்காலியிலிருந்து தொங்கும் பாதத்தை அத்தனை பேர் முன்னால் எப்படித் தொடுவது? அட்சதை தூவி முடிந்ததும் வேறு வழி தோன்றாமல் அண்ணனின் காலடியில் விழுந்தேன். நெற்றி பலகையைத் தொட்டது. வலக்கை விரல்கள் அவருடைய இடப்புறங்காலின்மீது இருந்தன.

"பாத்துக்க," என்று மேடைக்குக் கீழே ஒரு பெண்குரல் யாரையோ இடித்துரைத்தது. "ஊருலேருந்து வந்தவரு. எப்படி விழுறாரு பாரு. நீயும் இருக்கியே, தலைய மட்டும் ஆட்டிட்டுப் போற."

தவிலின் அடி ஒவ்வொன்றும் பலகை வழியாக என் விரலுக்கு வந்தது. துடிப்பதெல்லாம் மேடையா, காலா என்று பிரித்தறிய முடியவில்லை. வாழ்த்துவார்போல அண்ணன் குனிந்து என் தலையில் கை வைத்தார்.

"இருக்கா டா?"

"தவில நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

அவர் இன்னொரு கையை உயர்த்தினார். தவில் ஓய்ந்தது; அதைப் பார்த்து நாதசுரமும் இழுத்த சுரத்தை அப்படியே விட்டது. ஏன் என்று தெரியாமல் மண்டபமும் பேச்சை நிறுத்தியது. நான் எழவில்லை. மக்கள் என்ன நினைத்தார்களோ, அறியேன். கண்ணை மூடிக்கொண்டேன். தோல் குளிர்ச்சியாகவே இருந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு, உறக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல, விரலுக்கடியில் ஏதோ மெல்ல எழுந்து அடங்கியது. காத்திருந்தேன். மறுபடி எழுந்தது. மறுபடி.

"இருக்குண்ணே," என்றேன்.

தலைமேல் இருந்த கையின் பாரம் குறையவில்லை. எழ முயன்றேன், அவர் எழவிடவில்லை.

"இன்னொரு தடவ பாரு," என்றார்.